பென்சன் விரல்

மைனியின் இடது கை மோதிர விரலைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அண்டி ஆபீஸின் நீளமான கொட்டகையில், தரையில் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அவளைத் தேடிப் பிடித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது அந்தத் துணிதான். எங்கள் பக்கத்தில் முந்திரித் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் என்ற சொல்லுக்கு உரிய மேசையும் நாற்காலியும் வாசலோரம் ஒரு சின்ன அறையில் மட்டும் இருக்கும். மற்ற இடமெல்லாம் புகையும், ஓட்டின் காரமும், மரக்கட்டைகள் விழும் சத்தமும்தான். அடிபட்டுவிட்டது என்று நினைத்துப் பதறிக் குனிந்து கேட்டேன்.

"கையில என்ன மைனி?"

அவள் தலை நிமிராமல் இன்னொரு கொட்டையைக் கல்லின்மேல் வைத்தாள். "அடியொண்ணும் இல்ல மக்கா. இது பென்சன் விரலு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற கைகளையும் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த விதவைகள் பலர் ஒரு விரலைத் தனியாக மூடி வைத்திருந்தார்கள். ஒருத்தி ரப்பர் பலூனைக் கிழித்து உறைபோல மாட்டியிருந்தாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி நூல் கட்டியிருந்தாள். மற்ற ஒன்பது விரல்களும் கரிபிடித்துக் கறுத்திருக்க, அந்த ஒரு விரல் மட்டும் வேலையில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றது.

மைனி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். குழந்தைகள் இல்லை. கருங்கல்லிலிருந்து உள்ளே போகும் சாலையில், அவனே கல் சுமந்து கட்டிய இரண்டு அறை வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு போடுமளவு மண்ணும் மட்டும் மிஞ்சின. அடக்கம் முடிந்த மறுநாளே, குழித்துறைச் சந்தையில் கடை வைத்திருக்கும் மைனியின் தம்பி ஆட்டோவோடு வந்து நின்றான். நல்லவன், அக்காமேல் உண்மையான பாசம் உள்ளவன். "அக்கா, நீ இஞ்ச ஒத்தைக்கு இருந்து என்ன செய்யப் போற? அங்க பிள்ளைய இருக்கு, ஆளு இருக்கு. வா" என்றான். மைனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. அன்று தொடங்கி அவன் அழைப்பதும் இவள் மறுப்பதும் நடந்துகொண்டே இருந்தது.

ஏன் போகவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். தம்பியின் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று பிள்ளைகள், மாமியார், கடைப் பையன்களுக்குச் சோறு. அந்த வீட்டுக்குள் ஒருதடவை பெட்டியோடு போய்விட்டால், சமையலறைதான் தன் இடம் என்பது மைனிக்குத் தெரியும். "அவியள் யாரும் வேல செய்யச் சொல்லமாட்டினும். சொல்லாமலே நான் செய்வேன். அதாக்கும் எனக்கு வெப்ராளம்" என்றாள். எங்கள் ஊரில் வெப்ராளம் என்றால் மனத்துக்குள் கிடந்து புரளும் தவிப்பு. சொந்த வீட்டில், தன் அடுப்பில், தனக்கு வேண்டியபோது உலை வைத்து வாழ வேண்டும் என்பதே அவள் விரும்பியது. அதற்கு மேல் ஒன்றும் அவள் கேட்டதில்லை.

அந்த வீட்டில் அவளை நிறுத்தி வைத்தது விதவை பென்சன். மாதம் ஒருமுறை ரேஷன் கடை வராந்தாவில் ஒரு பெண் கையடக்க இயந்திரத்தோடு வந்து உட்காருவாள். வங்கி அனுப்பிய ஆள். ஊரில் எல்லோருக்கும் அவள் 'மெஷின் பிள்ளை'. வரிசையில் நின்று விரலை வைத்தால் பணம் கிடைக்கும். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது போகும். மீன் வாங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரு காய்ச்சல் வந்தால் போதும், தம்பியின் ஆட்டோ வந்து நிற்கும் என்ற நிலையில்தான் அவள் வாழ்ந்தாள்.

நான் பெண்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் ஒரு சிறிய மையத்தில் இருக்கிறேன். உதவித்தொகையை மட்டும் நம்பி இருக்கும் பெண்களின் வீடு தேடிப் போய்ப் பேசுவதும், அவர்கள் உடம்புக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவரும் வேலையைக் கண்டுபிடிப்பதும், ஆரம்ப மாதங்களில் கூடவே நின்று பார்த்துக்கொள்வதும் எங்கள் பணி. முதலில் யாரும் வரமாட்டார்கள். கையில் இருப்பது சிறிதென்றாலும் அது மாதம் தவறாமல் வரும். நாங்கள் காட்டுவது பெரிதென்றாலும் அது நாளைக்கு இருக்குமா என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பயத்தைத் தப்பு என்று நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. எத்தனையோ வீடுகளில் மணிக்கணக்காகப் பேசித் திரும்பிய எனக்கு, மைனியிடம் பேச வேண்டிய தேவையே வரவில்லை. இரணியலில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வியர்த்து வழிய வந்து, தண்ணீர் குடிக்கும் முன்பே கேட்டாள்: "ஊரு பெண்ணுங்களுக்கெல்லாம் வேல வாங்கிக் குடுக்குதியே, எனக்குத் தந்தா உனக்க கை தேயுமா?"

அண்டி ஆபீஸில் புதிதாக வருபவர்கள் சில மாதம் தற்காலிகமாக உட்காருவது வழக்கம். வேலை கைக்குப் பழகியதும் பெயரைச் சேர்ப்பார்கள். பெயர் சேர்ந்தால் சேமநல நிதி உண்டு, நோய்க்கு மருத்துவமனை உண்டு, போனஸ் உண்டு. ஆனால் அப்படிப் பெயர் சேர்ந்தவர் ஆதரவற்றவர் கணக்கில் வரமாட்டார், பென்சன் நின்றுவிடும். பழகும் காலம் வரை அது வந்துகொண்டிருக்கும். முறைப்படி எல்லாமே சரியாகத்தான் அமைந்திருந்தது. வேலை பிடித்தால் பெயர் சேர்ப்பது, பிடிக்காவிட்டால் பழையபடி பென்சனோடு இருப்பது என்று நானும் மைனியும் அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரும் பேசி முடிவு செய்தோம்.

கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். தோலில் பட்டால் அரித்துவிடும். பெண்கள் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். ஆனாலும் சில வாரங்களில் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, வழுவழுவென்று ஆகிவிடும். கையுறை கொடுத்தார்கள். உடைத்த பருப்பை நிறுத்துக் கூலி போடும் இடத்தில் கையுறை வேகத்தைக் கெடுக்கிறது என்று யாரும் அதைப் போடவில்லை. ரேகை அழிந்தால் மெஷின் விரலை ஏற்காது என்பது தெரிந்தவுடன், பெயர் சேராமல் பென்சனும் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் கண்டுபிடித்த வழிதான் பென்சன் விரல். அதிகம் உழைக்காத விரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூடிவிடுவது. அந்தக் கொட்டகையில் அதை வைத்து நடந்த கேலிக்கு அளவே இல்லை. விதவை பென்சன் கணவன் இறந்ததால் வருவது என்பதால் அந்த விரலுக்கு 'மாப்பிள்ள விரலு' என்றும் ஒரு பெயர் உண்டு.

"ஏட்டி, உனக்க மாப்பிள்ள பத்திரமா இருக்காரா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"உயிரோட இருந்தப்ப வேல செய்யல்ல. இப்பவும் பாரு, ஒத்தையா ஒதுங்கி நிக்காரு" என்று இன்னொருத்தி பதில் சொல்வாள்.

மைனி இந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டாள், சிரிப்பாள். அவள் விரலில் கட்டியிருந்தது அண்ணனுடைய பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி. பலூன் ரப்பர் மாட்டிக்கொள்ளும்படி மற்றவர்கள் சொன்னார்கள். ரப்பருக்குள் விரல் வேகிறது, துணிதான் பதமாக இருக்கிறது என்றாள். தினமும் காலையில் துவைத்து உலர்ந்த ஒரு துண்டை எடுத்துக் கட்டுவாள். சாயந்திரம் அவிழ்த்துப் பார்த்தால் விரல் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்து அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

அந்த மாதங்களில் அவள் முகம் மாறியது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் கருங்கல் சந்தைக்குள் நுழைந்து, மீன்காரிகளோடு நின்று நிதானமாகப் பேரம் பேசுவாள். முன்பெல்லாம் சந்தை கலையும் நேரத்துக்குப் போய் மிச்சம் கிடந்ததை வாங்குகிறவள். வீட்டு முன்னறைக்கு ஒரு மின்விசிறி வந்தது. தம்பி வந்தபோது அவனை அதற்கு நேராக உட்கார வைத்து, சோறு போட்டு, போகும்போது பிள்ளைகளுக்கு என்று ஒரு பொதி முந்திரிப்பருப்பும் கொடுத்து அனுப்பினாள். அன்று அவன் ஆட்டோ பற்றிப் பேசவில்லை என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்ததால் நானும் ரேஷன் கடை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். மைனி துணியை அவிழ்த்துவிட்டு, விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் பிள்ளை கண்ணாடியைத் துடைத்தாள். "இன்னொருக்கா வைங்க சித்தி." மறுபடியும் சிவப்பு. "கொஞ்சம் அமத்தி வைங்க." சிவப்பு. மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அவற்றில் ரேகையே இல்லை. வரிசையில் நின்றவர்கள் வைத்தியம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தி தலைமுடியில் தேய்க்கச் சொன்னாள். ஒருத்தி எதிர்க் கடையிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். மைனி எல்லாவற்றையும் செய்தாள். விரலை வைக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பின்னால் நின்ற ஒரு மாமி பொறுக்க முடியாமல் சொன்னாள்: "மெஷினு ஆளு அறியாது பிள்ளே, நாங்க அறிவோம். நாங்க இத்தன பேரு சாட்சி சொன்னா போராதா?"

"சாட்சிக்கு இதுல பட்டன் இல்ல மாமி" என்றாள் மெஷின் பிள்ளை. அவள் குரலில் ஏளனம் இல்லை. அவளுக்கும் முகம் வாடியிருந்தது.

மைனியின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் நுனி, தண்ணீரில் வெகுநேரம் ஊறியதுபோலச் சமமாக இருந்தது. ஓட்டு எண்ணெய் மெல்ல மெல்லத் துணிக்குள் இறங்கி, அந்தத் துணி நாள் முழுவதும் எண்ணெயை அந்த ஒரு விரலின்மேல் ஒற்றிப் பிடித்திருக்கிறது. திறந்து கிடந்த விரல்களையாவது சாம்பல் கொஞ்சம் பாதுகாத்திருக்கும்; காப்பாற்ற நினைத்த விரலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மைனி வராந்தாப் படியிறங்கினாள். பாதி வழியில் நின்று, "நான் இருக்கேனா இல்லியான்னு அதுக்குச் சந்தேகம்" என்றாள். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

வங்கிக்கே போனோம். அங்கேயும் முதலில் விரலைத்தான் கேட்டார்கள். ரேகை மெஷினில் விழாவிட்டால் அதைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். புதுப்பிக்கும் இடத்திலும் விரலில் ரேகை இருந்தால்தான் ஆகும். கண்ணைப் பார்த்து ஆளை அறியும் வசதி எங்கள் பக்கத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை. தொடர்ந்து சில மாதம் பணம் எடுக்காமல் இருந்தால் பென்சன் தானாக நின்றுவிடும் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

மறுநாள் மைனி சூப்பர்வைசரிடம் போய்த் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். பென்சன் கையைவிட்டுப் போவதென்றால் வேலையாவது தன் பெயரில் இருக்கட்டும் என்ற எண்ணம். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அதுவும் விரல் வைக்கும் மெஷின்தான். சேமநல நிதியில் ஆளைச் சேர்க்க ஒருமுறை அதில் விரல் விழ வேண்டும். அங்கேயும் சிவப்பு.

"இது பழக்கமாக்கும்" என்றார் சூப்பர்வைசர். பல வருடம் அதே நாற்காலியில் இருந்து இதையே பார்த்தவர். "பேரு சேராம இனியும் இருத்த முடியாது. வேலைய விட்டுட்டு இருங்க, ரேகை தானா முளைக்கும். பழைய தோலு போயி புதுசு வரணும்லா. வந்த பிறவு வாங்க, சேத்துக்கிடலாம்."

"அது வரைக்கும் எதத் தின்ன?" என்று மைனி கேட்டாள். அவர் கறுப்புப் பெட்டியை இழுப்பறைக்குள் திரும்ப வைத்தார்.

அப்படித்தான், எதைத் தவிர்க்க வேலைக்குப் போனாளோ அங்கேயே மைனி போய்ச் சேர்ந்தாள். தம்பியின் ஆட்டோ வந்தது. கொஞ்ச நாள்தான் என்று அவனிடமும் என்னிடமும் பூட்டிய கதவிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பார்க்க நான் குழித்துறை போனபோது, பின்கட்டில் பாத்திரக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். "நான் வந்து களுவுதேன்னு சொன்னேன், மைனி கேக்கமாட்டேங்காவ" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்வரை பாத்திரம் அங்கேயே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க மைனியால் முடியாது. அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். சோப்புத்தூள் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன. முளைக்கத் தொடங்கிய ரேகையும் தேய்ந்துகொண்டிருந்தது. அன்றே அவளை இரணியலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டில் மைனி சும்மா இருந்த அந்த வாரங்களைப் போல ஒரு கடினமான வேலையை அவள் செய்து நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். நான் பிடுங்குவேன். உள்ளியை உரிக்க உட்காருவாள். முறத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடுவேன். குளிக்கும்போதுகூடக் கையில் சோப்பு படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அவள் முன்வாசலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் ரயில் வந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாலையில் நான் அவள் விரல்களில் தேங்காயெண்ணெய் தடவுவேன். முதல் நாள் கையை இழுத்துக்கொண்டாள். "பிரசவிச்ச பெண்ணுக்குப் போலல்லவா செய்யுத" என்று கூச்சப்பட்டாள்.

"உனக்க மைனிக்கு இப்ப ராஜயோகம்" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேலி செய்தார்.

"ராஜாவுக்குக் கைநாட்டு வேண்டாமே" என்றாள் உடனே.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அவள் விரலைத் தன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சும்மா இருந்தா சர்க்காருக்கு என்னத் தெரியும். வேல செய்தா தெரியாது. இதென்ன கணக்கு மக்கா?"

அந்தக் கேள்வியை நான் அன்றிரவே என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். ஒவ்வொரு நாளையும் முறையாக எழுதுகிறவள் நான். நடந்ததை எழுதுவேன், அதற்குக் கீழே என் கருத்தை எழுதுவேன். அன்று கீழே எழுத ஒன்றும் வரவில்லை. எங்கள் மையத்தில் நாங்கள் ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். இந்தக் கரை உதவித்தொகை, அந்தக் கரை வேலை, நடுவில் ஒரு பாலம், அதில் கைபிடித்துக் கடத்திவிடுவது நாங்கள். மைனி கடந்துகொண்டிருந்த இடத்தில் பாலம் இருக்கவில்லை. இந்தக் கரையில் நிற்பதற்கும் அந்தக் கரையில் ஏறுவதற்கும் ஒரே விரல் வேண்டியிருந்தது; ஆற்றில் கை வைத்தால் அந்த விரல் கரைந்துவிடும். யாருமே கெட்டவர்கள் இல்லை. மெஷின் பிள்ளை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முயன்றாள். சூப்பர்வைசர் மைனியின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஒவ்வொரு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒருத்தியின்மேல் விழும்போது அவள் எங்கே நிற்பாள் என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

ரேகை வந்தது. புதுத் தோலில், இலையின் நரம்புபோல மிக மெலிதாக. பென்சன் நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது. அண்டி ஆபீஸில் இடமும் இருந்தது. இனி அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"உனக்க ஆபீசுல என்ன சொல்லுவினும்?" என்று கேட்டாள்.

"வேலையில பேரச் சேக்கச் சொல்லுவாங்க மைனி."

"நீ என்ன சொல்லுவ?"

எனக்குத் தெரிந்த இரண்டு பக்கத்தையும் சொன்னேன். பென்சன் சிறிது, ஆனால் விரல் விழும்வரை மாதம் தவறாது. கூலி பெரிது, ஆனால் வெளிநாட்டிலிருந்து பச்சைக் கொட்டை வந்து சேர்ந்தால்தான் தொழிற்சாலை ஓடும். வராத காலத்தில் கதவு மூடிவிடும். எங்கள் பக்கத்தில் இப்படி மூடித் திறக்கும் அண்டி ஆபீஸ்கள் பல என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"பென்சனுக்கு மாசாமாசம் விரலு வேணும். அண்டி ஆபீசுக்கு ஒருக்கா போரும். பென்சன் வாங்கிட்டு இருக்கணும்னா சும்மா இருக்கணும். அந்தக் காசுல சும்மா இருந்தா என்னைக்காவது தம்பி வந்து கூட்டிட்டுப் போவான். அவனுக்க வீட்டுல சும்மா இருக்க முடியுமா? அப்ப எங்க போனாலும் வேலதானே. அத எனக்க வீட்டுல இருந்துட்டுச் செய்யேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். சூப்பர்வைசர் கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். மைனி செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்தாள். அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. வலது கைப் பெருவிரலை வைத்தாள். கொட்டகையில் இருந்து இரண்டு மூன்று பேர் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"விழுந்தாச்சு" என்றார் அவர்.

"விழுந்தாச்சா?" மைனி விரலை எடுக்காமல் கேட்டாள். "அப்ப நான் இருக்கேன்."

கதவோரத்தில் ஒருத்தி, "இருக்கேன்னா வந்து கொட்டையத் தல்லும், சாம்பல் காத்துக் கிடக்கு" என்றாள். மைனி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கட்டையை எடுத்தாள். அதன் பிறகு அவள் மெஷின் பிள்ளையிடம் போகவில்லை. பென்சனை யாரும் நிறுத்தவில்லை. அவள் எடுக்கப் போகவில்லை, அது நின்றது. எங்கள் மையத்தில் அந்த ஆண்டு வேலையில் நிலைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவளையும் சேர்த்துப் பேசினோம். அது பொய் இல்லை. பல மாதம் ஒழுங்காக ஓடியது. மைனி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அண்ணனின் நினைவு நாளுக்கு எங்கள் எல்லோரையும் அழைத்துச் சோறு போட்டாள். தம்பி குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இப்போது அண்டி ஆபீஸ் மூடிக் கிடக்கிறது. பச்சைக் கொட்டை வரவில்லை என்கிறார்கள். கப்பலில் இருக்கிறது என்கிறார்கள். முதலாளி கேரளத்துப் பக்கம் மாறப் போகிறார் என்றும் சொல்கிறார்கள். திறக்கும் நாளைச் சூப்பர்வைசராலும் சொல்ல முடியவில்லை. மறுபடி பென்சன் கேட்கலாமா என்று விசாரித்தேன். தொழிற்சாலையில் பெயர் இருப்பவர் ஆதரவற்றவர் ஆகமாட்டார். பெயரை எடுத்துவிட்டால், திறக்கிற நாளில் இடம் போய்விடும். வேறு வேலை பார்த்தேன். கருங்கல்லில் ஒரு துணிக்கடையில் கேட்டபோது அவள் வயதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. வீடுகளில் சமைக்கப் போகிறாயா என்று அவளிடம் கேட்க நினைத்து, குழித்துறையின் பின்கட்டை நினைத்து, கேட்காமல் விட்டேன்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். அரிசி கொண்டுபோனேன், எங்கள் வீட்டுக்கு யாரோ அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று வழியிலேயே சொல்லிப் பழகிக்கொண்டேன். மைனி முற்றத்தில் மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்தாள். முன்னறைக்குள் மின்விசிறி ஓடவில்லை. அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தேன். அவித்த மரச்சீனி ஒரு சட்டியில் மூடியிருந்தது, தொட்டுக்கொள்ளக் கறி எதுவும் இல்லை. அரிசிக் கதையை நான் சொல்லத் தொடங்கியபோது அவளுடைய ஃபோன் அடித்தது. தம்பி. அவன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன பேசுகிறான் என்பது தெரிந்தது. மைனி மண் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"சாப்பிட்டேன் மக்கா… மரச்சீனியும் சாளை மீன் கறியும்… ஆமா, நல்ல சாளை… ஆட்டோவா? எதுக்கு ஆட்டோ? வேண்டாம்… நீ சும்மா இரிலே. நான் வேலைக்குப் போறவளாக்கும். இப்ப லீவு."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, "ஆமா, லீவுதான்" என்று இன்னொருமுறை சொல்லி ஃபோனை வைத்தாள். லீவு எப்போது முடியும் என்று அவன் கேட்கவில்லை போலிருக்கிறது. நானும் கேட்கவில்லை. அவள் என் கையில் இருந்த பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சாயா குடிக்கியா மக்கா? கட்டன்தான், பாலு இல்ல."